தீர்ப்புக்கு மறுநாள் காலை

ஒரு சின்னக் கேள்வி, ஃப்ரெண்ட்ஸ்!

ஒரு ஊரில் பெரிய சாதி மோதல். வெட்டு, குத்து, எஃப்.ஐ.ஆர்., சார்ஜ்ஷீட், வாய்தா மேல் வாய்தா. பத்துப் பன்னிரண்டு வருஷம் கேஸ் நடக்கிறது. கடைசியில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லியாச்சு. வக்கீல் கேஸ் கட்டைத் தூக்கிப் பரணில் போட்டுட்டார். பேப்பரில் செய்தியும் வந்தாச்சு. சரி... மறுநாள் காலையில் அந்த ஊரில் என்ன நடக்கும்?

அதே டீக்கடை. அதே தண்ணிக் குழாய். அதே மினி பஸ். ஜெயிச்சவங்க வீட்டுப் பொண்ணும், தோத்தவங்க வீட்டுப் பையனும் அதே பஸ்ஸில் தொங்கிக்கிட்டு காலேஜுக்குப் போயாகணும். ஜட்ஜ் அய்யா அந்த பஸ்ஸில் வரமாட்டார்.

தீர்ப்பு வரைக்கும் எப்படிப் போய்ச் சேருவது என்று நம்ம சட்டக் கல்லூரிகள் நல்லாவே சொல்லித் தருகின்றன. மறுநாள் காலைக்கு என்ன செய்வது என்பதற்கு உலகத்தில் தனியா ஒரு படிப்பு இருக்கு. 'மோதலுக்குப் பிந்தைய அமைதிக் கட்டமைப்பு' என்று வாயில் நுழையாத பேர். அதற்கு ஜோடியா 'ஒப்பீட்டுச் சட்டம்'. ஒரே சிக்கலை இந்த நாட்டுச் சட்டம் எப்படி அவிழ்க்குது, அந்த நாட்டுச் சட்டம் எப்படி அவிழ்க்குது என்று பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்க்கிற வேலை. தென் ஆப்பிரிக்கா, ருவாண்டா, வட அயர்லாந்து என்று ஊர் ஊராக் காட்டி, லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கிக்கிட்டுச் சொல்லித் தர்றாங்க.

மதுரைப் பசங்களுக்கு அதற்கு பஸ் டிக்கெட் காசு போதும் என்பது என் கட்சி. எப்படின்னு சொல்றேன், வாங்க.

மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறுங்க. ஒத்தக்கடை பக்கம் பெரிய கட்டடமா வரும் பாருங்க, அதுதான் ஹைகோர்ட் மதுரைக் கிளை. 2004 ஜூலையில் திறந்தாங்க. அதைத் தாண்டி அதே ரோட்டில் மேலூர் போய், அங்கிருந்து உள்ளே போனா மேலவளவு.

1996-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது. தேர்தலே கலாட்டாவில் நின்னு, மறுபடி நடந்து, கடைசியில் முருகேசன் தலைவரானார். 1997 ஜூன் 30-ம் தேதி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பும்போது வழி மறிச்சு அவரையும் இன்னும் அஞ்சு பேரையும் வெட்டிக் கொன்றார்கள். ராத்திரி இருட்டில்கூட இல்லை. பட்டப்பகலில், ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி.

வழக்கு சேலத்தில் நடந்தது. 2001-ல் 17 பேருக்கு ஆயுள் தண்டனை. ஹைகோர்ட் உறுதி செய்தது. 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. கொலை நடந்து பன்னிரண்டு வருஷம்! 'அப்பாடா, நீதி கிடைச்சாச்சு' என்று ஃபைலை மூடலாமா? மூட முடியலை. 2019 நவம்பரில் அதில் 13 பேரை அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. அதை எதிர்த்து மறுபடி மதுரைக் கிளையில் வழக்கு.

இங்கேதான் ஒரு சட்ட மாணவர் நிமிர்ந்து உட்காரணும். ஆயுள் கைதியை முன்கூட்டியே விடுவிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு. அதில் சண்டை வேண்டாம். ஆனா, விடுதலையாகி வர்றவர் அந்த ஊருக்கு என்ன சொல்லணும்? 'செஞ்சது நான்தான்' என்று சொல்லணுமா? செத்தவங்க வீட்டில் ஒரு வார்த்தை கேட்கணுமா? நம்ம முறையில் கைதி, ஜெயில், அரசு என்று மூணு பேருக்குள்ளே முடிகிற பேச்சு இது. ஊர் அதில் ஆளே இல்லை.

இப்ப அப்படியே தென் ஆப்பிரிக்காவுக்கு வாங்க. நிறவெறி ஆட்சி முடிஞ்சதும் அங்கேயும் இதே தலைவலி. கொன்னவன், கொடுமை பண்ணினவன் எல்லாரையும் உள்ளே தள்ளினா, போலீஸும் ராணுவமும் ஆட்சி மாற்றத்துக்கே வழி விடாது. எல்லாரையும் மன்னிச்சா, செத்தவங்களுக்கு என்ன பதில்? 1995-ல் ஒரு சட்டம் போட்டாங்க. டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம். மன்னிப்பு வேணுமா? அரசியல் நோக்கத்தோட செஞ்ச குற்றமா இருக்கணும், வந்து முழு உண்மையையும் சொல்லணும். பாதிக்கப்பட்டவங்க எதிரே உட்கார்ந்திருப்பாங்க. கேள்வி கேட்பாங்க. எதிர்ப்பும் சொல்லலாம். 7,000-க்கும் மேல் மனுப் போட்டாங்க. மன்னிப்பு கிடைச்சது 849 பேருக்கு.

'அடடா, சூப்பர் மாடல்!' என்று உடனே கை தட்டிடாதீங்க. ஒப்பீட்டுச் சட்டம் படிக்கிறவர் முதலில் விட வேண்டிய பழக்கம் இந்தக் கைதட்டல்தான். போலீஸ் காவலில் 1977-ல் செத்துப்போன ஸ்டீவ் பிகோவின் குடும்பம் இந்தச் சட்டத்தையே எதிர்த்து அரசியல் சட்ட நீதிமன்றத்துக்குப் போச்சு. 'எங்க வீட்டு ஆளைக் கொன்னவனை மன்னிக்க நீங்க யார்?' என்பதுதான் கேள்வி. 1996-ல் கோர்ட் சட்டத்தை ஏத்துக்கிச்சு. குடும்பம் தோத்தது. ஆனா 1999-ல் அந்தப் போலீஸ்காரர்கள் கேட்ட மன்னிப்பு மறுக்கப்பட்டது. மன்னிப்பு மறுத்தும் அவங்க மேல் வழக்கு நடந்து தண்டனை வந்ததா? வரலை. நஷ்டஈடு? 2003-ல் தலைக்கு 30,000 ராண்ட் என்று ஒரு தடவை கொடுத்து முடிச்சாங்க. உண்மை கிடைச்சது, நீதி பாதியில் நின்னது.

மேலவளவில் பாருங்க, தலைகீழ். நீதி கோர்ட்டில் கிடைச்சது. உண்மை மட்டும் ஊர் நடுவில் யார் வாயிலிருந்தும் வரலை. இரண்டில் எது மேல்? நான் பதில் சொல்லப்போறதில்லை. இரண்டையும் பக்கத்தில் வச்சாத்தான் இப்படி ஒரு கேள்வியே கண்ணுக்குத் தெரியுது, அதுக்குத்தான் சொன்னேன்.

அடுத்த பஸ் உசிலம்பட்டிப் பக்கம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். இந்தப் பேர்களை உங்க அப்பா அம்மா தினமும் பேப்பரில் படிச்சிருப்பாங்க. இங்கேயும் 1996-ல் தலைவர் பதவி ஒதுக்கீடு. பத்து வருஷம் தேர்தல் நடத்தவே முடியலை. நடத்தினாலும், ஆதிக்க சாதியினர் தங்களுக்கு வேண்டிய ஒருத்தரை நிறுத்தி, அவர் ஜெயிச்சு, பதவி ஏத்து, உடனே ராஜினாமா! சட்டத்தில் எந்த வரியையும் மீறலை பாருங்க. வேட்புமனு சரி, ஓட்டு சரி, ராஜினாமா கடிதமும் சரி. சட்டத்தை வச்சே சட்டத்துக்கு டாட்டா காட்டின கதை. சட்டம் படிக்கிறவங்க இதைப் பாடமா வச்சுப் படிக்கலைன்னா வேற எதைப் படிக்கப்போறீங்க?

2006-ல் கலெக்டர் உதயச்சந்திரன் காலத்தில், ஊர்க்காரங்களோட பேசிப் பேசி, அக்டோபரில் தேர்தல் ஒழுங்கா நடந்தது. பக்கத்து விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும் நடந்தது. நாலு தலைவர்களையும் சென்னைக்கு அழைத்து 'சமத்துவப் பெருவிழா' கொண்டாடினார் அன்றைய முதல்வர் கருணாநிதி. 2021 அக்டோபர் 2-ம் தேதி பாப்பாபட்டி கிராம சபையில் முதல்வர் ஸ்டாலின் வந்து உட்கார்ந்தார். போட்டோ, மாலை எல்லாம் ஓகே. நான் கேட்கிறது வேற. நாற்காலி கிடைச்சாச்சு, செக் புக்?

தமிழ்நாட்டில் ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்டா ஆகாது. துணைத் தலைவரும் போடணும். தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு மெம்பர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரில் யாருக்கு மெம்பர் பலமோ, அவங்க ஆள். ஆக, பட்டியல் சாதித் தலைவர் தெருவிளக்குக்கு ட்யூப் லைட் வாங்கணும்னாக்கூட இன்னொருத்தர் பேனாவைத் திறக்கணும். அவர் திறக்கலைன்னா? ட்யூப் லைட் இல்லை, தண்ணி மோட்டார் ரிப்பேர் இல்லை. ஆறு மாசம் கழிச்சு, 'பார்த்தீங்களா, இவங்களுக்கு நிர்வாகம் பண்ணத் தெரியலை' என்று ஊர் பேசும். தமிழ்நாடு முழுக்கப் பல ஊராட்சித் தலைவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்த புகார் இது.

இரண்டு கையெழுத்து எதுக்கு வச்சாங்க? பணம் கையாடல் ஆகாம இருக்க. நல்ல எண்ணம்தான். இதே இரண்டு கையெழுத்தை வட அயர்லாந்தில் வேற காரணத்துக்கு வச்சாங்க. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் என்று முப்பது வருஷம் சுட்டுக்கிட்ட இடம். 1998 ஏப்ரல் 10-ம் தேதி புனித வெள்ளி ஒப்பந்தம். அதன்படி முதலமைச்சர் ஒரு தரப்பு, துணை முதலமைச்சர் இன்னொரு தரப்பு. பேர்தான் துணை, அதிகாரம் சமம். ஒருத்தர் ராஜினாமா பண்ணினா இன்னொருத்தர் பதவியும் காலி. ஒரு தரப்பை ஒதுக்கிட்டு இன்னொரு தரப்பு ஆளவே முடியாதபடி பூட்டு. அதுக்கு விலையும் கொடுத்தாங்க. 2017-லிருந்து 2020 வரை, பிறகு 2022-லிருந்து 2024 வரை அங்கே அரசாங்கமே ஓடலை. ஒரு தரப்பு கோவிச்சுக்கிட்டு வெளியே போனா எல்லாம் ஸ்டாப்!

ஒரே கருவிதான், 'இரண்டு பேர் சேர்ந்தாத்தான் நடக்கும்'. பெல்ஃபாஸ்ட்டில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய சம பலம். அதனால் அது பாதுகாப்பு. உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒருத்தர் கையில் நிலம், ஆள் பலம் எல்லாம் இருக்கு, இன்னொருத்தர் கையில் ஒரு அரசாணை மட்டும் இருக்கு. அங்கே அதே கருவி வீட்டோ. ஒரு நாட்டுச் சட்டத்தை இன்னொரு நாட்டில் நடும்போது மண் பார்க்கணும் என்று பேராசிரியர்கள் சொல்வாங்களே, அந்த மண் இதுதான்.

சரி, அதே பக்கத்தில் எழுமலைக்கிட்ட உத்தப்புரம். இந்த ஊரைப் பத்தி நிறையப் பேசலாம். நானும் பேசத்தான் போறேன்.

சுமார் 600 மீட்டர் நீளச் சுவர். பட்டியல் சாதியினர் தெருவை ஊரிலிருந்து பிரிக்கிற சுவர். 2008-ல் அந்தச் சுவர் மேல் மின்கம்பி இழுத்த விஷயம் வெளியே வந்து நாடே அதிர்ந்தது. மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் போராட, 2008 மே 6-ம் தேதி அதிகாரிகள் முன்னால் சுவரில் ஒரு பகுதியை இடிச்சுப் பாதை விட்டாங்க. எதிர்த்தரப்பு என்ன பண்ணுச்சு தெரியுமா? ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு, ஊரைக் காலி பண்ணி மலையடிவாரத்துக்குப் போயிட்டாங்க. வர மாட்டோம் என்று.

இதில் என்னைத் தூங்கவிடாத விஷயம் மின்கம்பி இல்லை. அந்தச் சுவர் எப்படி வந்தது என்பது. 1989-ல் ஊரில் பெரிய மோதல். உயிர்ச்சேதம். அதுக்குப் பிறகு ஒரு உடன்பாடு எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டாச்சு, அந்த உடன்பாட்டின்படிதான் சுவர் கட்டினோம் என்பது சுவர் கட்டினவங்க வாதம். யோசிச்சுப் பாருங்க. சண்டையில் எழுந்த சுவரில்லை, 'சமாதான'த்தில் எழுந்த சுவர்!

பயந்துபோய்க் கிடக்கிற ஒருத்தர்கிட்ட பேப்பரை நீட்டினா கையெழுத்துப் போடத்தான் செய்வார். அது சம்மதமா? ஒப்பந்தச் சட்டம் முதல் செமஸ்டரிலேயே நிர்ப்பந்தம், தகாத செல்வாக்கு எல்லாம் படிச்சீங்களே... அதை ஒரு ஊருக்குப் பொருத்திப் பாருங்க. போதாக்குறைக்குத் தீண்டாமையை ஒழிச்ச அரசியல் சட்டப் பிரிவு 17 இருக்கு. தனக்குக் கிடைச்ச அந்த உரிமையை ஒருத்தர் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுக்க முடியுமா? முடியாது என்றால், அமைதிப் பேச்சில் எதைத்தான் விட்டுக்கொடுக்கலாம்? மேசையில் எதை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது என்று பிரிக்கத் தெரிஞ்சவர்தான் அந்த மேசையில் உட்காரத் தகுதியான வக்கீல்.

பெல்ஃபாஸ்ட்டிலும் சுவர் உண்டு. 1969-ல் கலவரம் நடந்தப்ப, தற்காலிகமா என்று ராணுவம் போட்ட தடுப்பு. இன்னும் நிக்குது! அங்கே அதுக்குப் பேர் 'அமைதிச் சுவர்'. 2023-க்குள் எல்லாத்தையும் எடுத்துடுவோம் என்று 2013-ல் அரசு அறிவிச்சது. எடுக்க முடியலை. காரணம், சுவருக்கு இரண்டு பக்கமும் குடியிருக்கிறவங்க 'இருக்கட்டும், எங்களுக்குப் பயமா இருக்கு' என்கிறாங்க. அங்கே சுவர் இரண்டு பக்கத்துப் பயம். உத்தப்புரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது அவமானம். ஆகவே, 'மக்கள் சம்மதம் வந்த பிறகு இடிக்கலாம்' என்ற பெல்ஃபாஸ்ட் நியாயத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டினா அது அநியாயம்.

உத்தப்புரக் கதைக்கு இரண்டாம் பாகமும் இருக்கு. 2011 அக்டோபரில், எஸ்.பி. அஸ்ரா கார்க் எடுத்த முயற்சியில் இரண்டு தரப்பும் மறுபடி உட்கார்ந்தாங்க. முத்தாலம்மன் மாரியம்மன் கோயிலில் பட்டியல் சாதி மக்கள் வந்து கும்பிடலாம், பஸ் நிழற்குடை கட்டலாம், வழக்குகளை வாபஸ் வாங்கிக்கலாம் என்று ஒப்பந்தம். நவம்பர் 10-ம் தேதி கோயிலுக்குள் போனாங்க. இடிப்பதற்கு 2008-ல் புல்டோசர் தேவைப்பட்ட ஊரில், மூணே வருஷத்தில் பேசி ஒரு வாசல் திறந்தது. இது சாதாரண விஷயமில்லை. அப்புறம் சில வருஷத்தில் அரச மரத்துக்கு மாலை போடுவதில் மறுபடி தகராறு கிளம்பினதும் உண்மை.

'வழக்கு வாபஸ்' என்று ஒரு வரி சொன்னேன் இல்லையா, அதை வேகமாத் தாண்டிடாதீங்க. வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் குற்றங்கள் இரண்டு தரப்பும் கை குலுக்கி முடிச்சுக்கிற வகையில் சேராது. அது அரசுக்கு எதிரான குற்றம். வாபஸ் என்றால் அரசு வக்கீல் மூலமா கோர்ட் அனுமதி வாங்கணும், அல்லது ஹைகோர்ட் ரத்து செய்யணும். 2021-ல் 'ராமாவதார்' வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தொட்டிருக்கு. சாதிக்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லாத, தனிப்பட்ட சண்டை என்றால் சமரசத்தின் பேரில் ரத்து செய்யலாம், ஆனா அந்தச் சமரசம் மிரட்டி வாங்கினதா என்று கோர்ட் ரொம்பவே உஷாராப் பார்க்கணும் என்று. ஊர் அமைதிக்காக ஒருத்தர் தன் வழக்கை விட்டுக்கொடுத்தா, அமைதிக்கு விலை கொடுத்தது யார்? ஏற்கெனவே அடி வாங்கினவரேதானா? ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் வந்தாலே ஒரு செமஸ்டர் பாஸ்.

'இதுக்கு எதுக்குப்பா கோர்ட்டு, ஊர்ப் பஞ்சாயத்தே பேசி முடிச்சிடலாமே, ருவாண்டாவில் அப்படித்தானே பண்ணாங்க' என்று யாராவது ஒரு சீனியர் ஆரம்பிப்பார். ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்குப் பிறகு 'கச்சாச்சா' என்று ஊர் மன்றங்கள் வைத்து 2012 வரை லட்சக்கணக்கான வழக்குகளைத் தீர்த்தாங்க, உண்மை. ஆனா, அது சட்டம் போட்டு அமைச்ச மன்றம். நீதிபதிகளை ஊர் மக்களே தேர்ந்தெடுத்தாங்க, பெண்களும் உட்கார்ந்தாங்க. அதிலும் குறை இருந்தது. ஆட்சியைப் பிடிச்ச தரப்பு செஞ்ச கொலைகள் அங்கே விசாரணைக்கே வரலை. நம்ம கட்டப் பஞ்சாயத்தில் நீதிபதியா உட்கார்ந்திருக்கிறதே ஒரு தரப்பு! 2011-ல் ஆறுமுகம் சேர்வை வழக்கில், கட்டப் பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று சுப்ரீம் கோர்ட் அடிச்சுச் சொன்னது. அது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குதான். சீனியருக்கு இதை எடுத்துக் கொடுங்க.

இதெல்லாம் நேத்து முந்தாநேத்துக் கதை. மதுரைக்கு இதில் பழைய சர்வீஸும் உண்டு. 1939 ஜூலை 8-ம் தேதி, மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதியினரையும் நாடார் ஒருவரையும் அழைச்சுக்கிட்டுப் போன வைத்தியநாதய்யர் யார்? மதுரையில் பிராக்டீஸ் பண்ணின வக்கீல். கூடப் போனவர்களில் ஒருத்தர் கக்கன், மேலூர் பக்கத்துத் தும்பைப்பட்டிக்காரர், பின்னாளில் போலீஸ் மந்திரி. உள்ளே விட்ட கோயில் நிர்வாகத்தின் மேல் வழக்குப் பாயும் நிலை. பட்டர்கள் சிலர் பூஜைக்கே வர மறுத்தாங்க. ராஜாஜி அரசு அதே 1939-ல் ஆலயப் பிரவேச அங்கீகார, பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. கதவைத் திறந்தவர்கள் மேல் வழக்குப் போட முடியாது என்று.

கவனிச்சீங்களா? தென் ஆப்பிரிக்காவில் சட்டப் பாதுகாப்பு கொடுமை பண்ணினவருக்குக் கிடைச்சது, உண்மை சொன்னதுக்கு விலையா. மதுரையில் அதே பாதுகாப்பு கதவைத் திறந்தவருக்குக் கிடைச்சது. எந்தப் பக்கத்து ஆளுக்குக் குடை பிடிக்குது என்று பார்த்தால்தான் ஒரு சட்டத்தின் முகம் தெரியும். 57 வருஷம் கழிச்சு, அதே மேலூர் வட்டாரத்தில் தேர்தலில் நின்ன முருகேசனுக்குக் குடை பிடிக்க யாரும் இல்லாமப் போனது ஏன் என்பது தனியா ஒரு ஆராய்ச்சிக் கட்டுரைக்கான மேட்டர். யாராவது எழுதுங்களேன்.

இலங்கையைச் சொல்லாம இந்தப் பேச்சை முடிக்க முடியாது. மதுரையைச் சுத்தியே ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று மறுவாழ்வு முகாம்கள் இருக்கு. அங்கே பிறந்து வளர்ந்தவங்க உங்க வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஒப்பீட்டுச் சட்டக்காரங்களுக்கு இலங்கை ஒரு தங்கச் சுரங்கம். ரோமன்-டச்சுச் சட்டம், ஆங்கிலச் சட்டம், யாழ்ப்பாணத்துத் தேசவழமை, கண்டியச் சட்டம் எல்லாம் ஒரே தீவில். அந்த ரோமன்-டச்சுச் சட்டத்தில் தென் ஆப்பிரிக்காவும் அவங்களுக்குப் பங்காளி! ஆனா, தென் ஆப்பிரிக்கா போன பாதையில் இலங்கை போகலை. 2010-ல் ஒரு ஆணையம், 2011-ல் அறிக்கை. 2015-ல் ஐ.நா. மனித உரிமை மன்றத்தில் பெரிய பெரிய வாக்குறுதி. 2016-ல் காணாமல்போனோர் அலுவலகத்துக்குச் சட்டம். காகிதத்துக்குக் குறைச்சலே இல்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் பிள்ளைகளின் போட்டோவோட ரோட்டோரம் உட்கார்ந்தாங்க. 'என் பிள்ளை எங்கே?' என்ற ஒற்றைக் கேள்விக்கு அத்தனை காகிதத்திலும் பதில் இல்லை.

'சரி பாஸ், நாங்க என்ன பண்ணணும்?' என்கிறீங்களா. பார் கவுன்சில் 2008-ல் போட்ட விதிகளின்படி, மாற்று முறையில் தகராறு தீர்ப்பது என்பது கட்டாய நடைமுறைப் பாடம். பல இடத்தில் அது ரெக்கார்டு நோட்டு எழுதிக் கையெழுத்து வாங்குவதோட முடிஞ்சுபோகுது. மூட் கோர்ட்டுக்குக் கோட்டு, டை என்று தடபுடல் பண்ற நாம, ஒரு சமரச மேசையை நடத்திப் பார்க்கிறதே இல்லை. நடத்துங்க. உத்தப்புரத்தையே எடுத்துக்குங்க. ஆனா, ஒரு கண்டிஷன். யார் எந்தத் தரப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுங்க. சொந்த ஊரில் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர் அந்தப் பக்கத்துக்காக வாதாடட்டும். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிச்சா பெரிய விஷயம். காந்திகிராமப் பல்கலைக்கழகத்தில் அமைதிக்கென்றே ஒரு துறை இருக்கு, ஒன்றரை மணி நேரப் பயணம். அங்கே படிக்கிற பசங்களையும் கூப்பிடுங்க. அவங்களுக்குச் சட்டம் தெரியாது, நமக்குக் காது கொடுத்துக் கேட்கத் தெரியாது. கணக்குச் சரியாப் போயிடும்.

சட்டம் படிக்காத மத்தவங்களுக்கும் இதில் வேலை இருக்கு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995 விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழு மூணு மாசத்துக்கு ஒரு தடவையாவது கூடணும். உங்க மாவட்டத்தில் போன வருஷம் எத்தனை தடவை கூடியது, என்ன பேசினாங்க? 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்க. நிவாரணத் தொகை யாருக்குப் போனது, யாருக்கு இன்னும் போகலை என்பதும் அதிலேயே வரும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலரா மாணவர்களும் சேரலாம். கோர்ட் வளாகத்திலேயே அவங்க ஆபீஸ். ஆள் எடுக்கிற சமயம் பார்த்து விண்ணப்பம் போடுங்க.

காலேஜுக்குள்ளேயே வேலை இருக்குங்க. 2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் ஸ்கூல் பையன்கள் வீடு புகுந்து சக மாணவனையும் தங்கச்சியையும் வெட்டின பிறகு, நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டு, 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்களிடையே சாதி வன்முறையைத் தடுப்பது எப்படி என்று. கையில் கலர் கயிறு கட்டுவதைப் பற்றி அதில் சொன்னதை மட்டும் டி.வி.க்காரங்க விவாதிச்சு முடிச்சுட்டாங்க. அறிக்கையை வாங்கி முழுசாப் படிங்க. உங்க ஹாஸ்டலில் ரூம் எப்படிப் பிரியுது, மெஸ்ஸில் யார் யாரோட உட்கார்றாங்க, குருபூஜை சமயத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன ஓடுது என்று ஒரு வாரம் சும்மா கவனிச்சு எழுதி வைங்க.

மேலவளவுக்கோ உத்தப்புரத்துக்கோ கிளம்புறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். கும்பலாப் போய் செல்ஃபி எடுக்காதீங்க. நாலு பேருக்கு மேல் வேண்டாம். அந்த ஊர்க்காரங்க பல வருஷமா வந்து போற கேமராவையும் கமிட்டியையும் பார்த்துச் சலிச்சவங்க. முதல் தடவை போனா எதுவும் கேட்காதீங்க. டீக்கடையில் உட்காருங்க, டம்ளர் எல்லாருக்கும் ஒண்ணாங்கிறதைப் பாருங்க, கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிச்சுக்கிட்டு வந்துடுங்க. இரண்டாவது தடவை போகும்போது அவங்களே பேசுவாங்க.